வியாழக்கிழமை மயக்கம்

அத்தியாயம் 6

"யக்கா, ஒரு சந்தேகம். நல்லகாமனுக்கும் வியாழக்கிழமைக்கும் ஏதாச்சும் முன்பகை இருக்குமோ?"

விளாங்குடி நெரிசலைத் தாண்டி ஆட்டோவைச் சமயநல்லூர்ப் பக்கம் விட்டுக்கொண்டே வெள்ளைத்துரை கேட்டான். பின்சீட்டில் பத்மாசினி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்றே தேய்ந்த முழங்கால் அது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மதுரை மகால் பக்கத்தில் ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வீட்டில் ஏதும் வில்லங்கம் உண்டா என்று விசாரித்துச் சொல்லியே ஆறு வருடம் ஓடிவிட்டது. வெள்ளைத்துரை அவளுடைய உதவியாளன். ஆட்டோவும் அவனுடையதுதான், வாயும் அவனுடையதுதான். இரண்டுக்கும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

"மூணு தடவை மயக்கம். மூணும் வியாழக்கிழமை. எனக்கென்னமோ குரு பகவான் மேலதேன் சந்தேகம்."

"குரு பகவான் மேல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்க முடியாது துரை. ரோட்டைப் பாத்து ஓட்டு."

பத்மாசினிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சுபலட்சுமி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. வீடு வீடாகப் போய் வயதானவர்கள் மாத்திரையைச் சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்கும் நர்ஸ். வியாழக்கிழமைகளில் இந்தச் சுற்று வட்டாரம் அவளுடையது. சர்க்கரை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், மாத்திரை அட்டையில் எத்தனை காலி என்று எண்ணி நோட்டில் எழுதுவாள். அவளை வேலைக்கு வைத்திருந்த முதியோர் அறக்கட்டளை, நேற்று சாயங்காலம் அந்த நோட்டைத் தவிர மற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிற வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அங்கிருந்து நேராக அவள் பத்மாசினியைத் தேடி வந்தாள்.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை அவள் வந்துபோன இரண்டு மணி நேரத்தில், அவள் பார்த்துவரும் சமயநல்லூர் விவசாயி நல்லகாமன் வயல் மோட்டார் ரூம் படியில் மயங்கி விழுந்தார். மண்டையில் ஏழு தையல். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டு. கண் திறக்க இரண்டு நாள் ஆனது. சர்க்கரையை இறக்கும் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் மகன் அசோக்குமார் வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தான். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. மாத்திரை சரியாக இருந்தால் பிறகு ஊசிதானே? வாராவாரம் சுபலட்சுமி போடும் வைட்டமின் ஊசிக்குப் பதில் இன்சுலினைப் போட்டுவிட்டாள் என்று அவன் முடிவுகட்டினான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போலீஸில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். அப்புறம் எந்த ஊரிலும் அவளை யாரும் ஊசியைத் தொட விடமாட்டார்கள்.

"அக்கா, நான் இன்சுலின் கொண்டுபோறதே இல்லை" என்றாள் சுபலட்சுமி, இன்றைக்கு எட்டாவது தடவையாக.

"தெரியும்மா."

"தெரிஞ்சு என்ன செய்ய? இல்லைங்கிறதை எப்படிக் காட்டுறது?"

பத்மாசினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அலுப்பாக இருந்தது. மார்கழி மாதத்தில்கூட இப்படி வேர்க்குமா என்று மார்கழிமேல் எரிச்சல்பட்டாள்.

வாய்க்கால் கரையோரம் ஆட்டோ நின்றபோது மணி இரண்டு. சுபலட்சுமி இறங்கவில்லை. போன வாரம் இதே தெருவில் அசோக்குமார் அவளை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை ஊரே கேட்டது. "நான் வண்டியிலயே இருக்கேன்க்கா" என்று துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் நல்லகாமனின் மனைவி சின்னத்தாய் மட்டும் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மகன் போன்ல சொன்னான். என்னத்தையோ பாக்கணுமாம்ல, பாருங்க. எனக்கு ஒண்ணும் ஓடலை தாயி. அந்தப் புள்ள அப்படிச் செய்யுமான்னும் தோணுது, செய்யாம மனுசன் ஏன் விழுறாருன்னும் தோணுது."

"மாத்திரை எங்க இருக்கு?"

ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது. கூடவே ஒரு மஞ்சப்பை. பையில் ஐந்து மாதத்துக் காலி அட்டைகள் அத்தனையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன.

"காலி அட்டையைக்கூடத் தூரப்போட மாட்டாரு. நர்ஸு எண்ணணுமாம்."

பத்மாசினி தரையில் உட்கார்ந்து, சுபலட்சுமியின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அட்டைகளை வரிசையாகப் பரப்பினாள். வேலையில் மூழ்கிவிட்டால் அவளுக்குத் தமிழில் எண்ண வராது. வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில்தான் வாய் முணுமுணுக்கும். வெள்ளைத்துரை வாசற்படியில் உட்கார்ந்து அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இருபது நிமிடம் கழித்து அவள் நிமிர்ந்தாள்.

"சரியா இருக்கு துரை. ஐஞ்சு மாசம், ஒவ்வொரு வியாழனும், ஒரு மாத்திரைகூடப் பிசகலை."

"அப்ப சோலி முடிஞ்சுது. வண்டியைத் திருப்பவா?"

"முப்பத்து மூணு வருசத்துல இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததே இல்லைடா. வார்டுல நாங்களே கையில கொடுத்து, வாயைத் தொறக்கச் சொல்லிப் பார்த்தும் மாசக் கடைசியில ரெண்டு கூடும், மூணு குறையும். ஒண்ணு கட்டிலுக்கடியில உருளும். ஒண்ணு மறந்துபோகும். ஒண்ணைத் தலையணைக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க. வீட்டுல, அதுவும் எழுபத்திரண்டு வயசு மனுசன், ஐஞ்சு மாசம் பிசகாமப் போட்டிருக்காருன்னா…"

"பரிசு கொடுக்கணும்."

"சந்தேகப்படணும்" என்றாள் பத்மாசினி. பிறகு சின்னத்தாயிடம் திரும்பினாள். "இந்த ஐஞ்சு மாசத்துல ஐயா வெளியூர் எங்கயாச்சும் போனாரா?"

"அவரு எங்கிட்டுப் போறாரு. கார்த்திகையில எங்க நாத்தனா செத்துப்போச்சு, கொட்டாம்பட்டியில. திங்கக்கெழமை போயி, காரியமெல்லாம் பாத்துட்டு புதங்கெழமை ராத்திரிதேன் வந்தோம்."

"இந்த டப்பாவைக் கையோட கொண்டுபோனாரா?"

சின்னத்தாய் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எழவு வீட்டுக்கு மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கிட்டா தாயி போவாக? இந்தா, இந்த மாடத்துலதேன் இருந்துச்சு."

பத்மாசினி நோட்டைப் புரட்டினாள். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் சுபலட்சுமியின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: மாத்திரை எண்ணிக்கை சரி.

வெள்ளைத்துரை எழுந்து வந்து குனிந்து பார்த்தான். "ஆளு கொட்டாம்பட்டியில. மாத்திரை சமயநல்லூர்ல. மூணு நாள் மாத்திரை எப்படிக்கா காலியாச்சு? எலி தின்னுருச்சோ? இந்த வீட்டு எலிக்குச் சர்க்கரை இருக்கோ?"

"அன்னிக்குத்தான் அவருக்கு மொத மயக்கம்" என்றாள் பத்மாசினி மெதுவாக.

வெள்ளைத்துரை அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அவள் நோட்டில் வேறொரு கட்டத்தைப் பார்த்தாள். சர்க்கரை அளவு. மற்ற வியாழன்களில் நூற்று ஐம்பது, நூற்று அறுபது. மயக்கம் வந்த மூன்று வியாழன்களில் மட்டும் எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்று. மூன்றுக்கும் பக்கத்தில் சுபலட்சுமி பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். மதிப்பெண் வாங்கின பிள்ளைக்கு டீச்சர் போடுவதுபோல. சர்க்கரை பார்த்த பிறகுதான் சுபலட்சுமி ஊசி போடுவாள். ஊசிக்கு முன்பே சர்க்கரை இறங்கியிருக்கிறது!

"ஆத்தா, வியாழக்கிழமை காலையில ஐயா மாத்திரை போடுறதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்கிட்டு? மாத்திரை டப்பாவை யாரையும் தொட விடமாட்டாரு. நான் தண்ணி மட்டுந்தேன் கொடுப்பேன்." சின்னத்தாய் தூக்குவாளியை மூடிவிட்டு யோசித்தாள். "மத்த நாளு ஒரு டம்ளரு போதும்பாரு. சில வியாழக்கெழமை மட்டும் செம்பு நெறைய வேணும்பாரு. மாட்டுக் கொட்டத்துப் பக்கம் கொண்டுபோயி நின்னு குடிப்பாரு. வெறும் வயித்துல சர்க்கரை பாக்கணும்ல, சாப்புடாம இருக்காரே, பசிக்குத் தண்ணி குடிக்காருன்னு நான் விட்டுருவேன்."

"போன வியாழன்?"

"செம்புதேன்."

"அதுக்கு முந்தின நாலைஞ்சு நாள் எங்க இருந்தாரு?"

"வயல்லதேன். வாய்க்காத் தண்ணி எங்களுக்கு மொறை வச்சுத்தான விடுறாக. ஞாயிறு, திங்க, செவ்வா, புதன், நாலு நாளு எங்க மொறை. கோழி கூப்பிடயில போனாருன்னா இருட்டுனப்பறந்தேன் வருவாரு. கஞ்சி அங்கன கொண்டுபோயி ஊத்துவேன்."

சுவரில் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. தண்ணீர் முறை நாட்களைச் சின்னத்தாய் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். கஞ்சி கொண்டுபோகிற நாள் மறக்கக் கூடாதாம். பத்மாசினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஒரு தாளைப் புரட்டினாள். இரண்டாவது மயக்கத்துக்கு முன்னாலும் மூன்று வட்டங்கள்.

"ஒரு மாத்திரைக்கு ஒரு டம்ளர்" என்றான் வெள்ளைத்துரை. அவன் குரலில் கிண்டல் இல்லை. "செம்புக்கு எத்தனைக்கா?"

"அதை அவர் வாயாலதான் கேக்கணும். ஆத்தா, நீங்களும் வண்டியில ஏறுங்க. மணி மூணு ஆச்சு."

ஆட்டோவில் சின்னத்தாயும் சுபலட்சுமியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பரவை வரும்வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு சின்னத்தாய், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சுபலட்சுமி இல்லை என்று தலையாட்டினாள்.

நல்லகாமன் இருந்தது பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது பத்மாசினிக்கு மூச்சு வாங்கியது. மணி நாலே கால். அசோக்குமார் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் மடித்த வெள்ளைத்தாள் துருத்திக்கொண்டிருந்தது. வாரம் முழுக்கத் தூங்காத கண்.

"என்ன மேடம், பாத்துட்டீங்களா? அட்டையெல்லாம் சரியா இருக்குல்ல?"

"ரொம்பச் சரியா இருக்கு தம்பி."

"அப்ப ஊசிதான்."

"இருங்க." பத்மாசினி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தலையில் கட்டோடு படுத்திருந்த நல்லகாமன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எதையோ மறைக்கிறவர்கள் பலரை அவள் பார்த்திருக்கிறாள். முக்கால்வாசிப் பேர் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

"ஐயா, போன வாரம் உங்க வயலுக்கு எத்தனை நாள் தண்ணி மொறை?"

"நாலு."

"அந்த நாலு நாளும் காலையில மாத்திரை போட்டீங்களா?"

நல்லகாமன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வியாழக்கிழமை காலையில எத்தனை போட்டீங்க?"

"அப்பா எப்பவும் ஒண்ணுதான் மேடம் போடுவாரு" என்றான் அசோக்குமார்.

"ஐயாவைக் கேக்குறேன்."

நல்லகாமன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து, வாசலில் நின்ற சின்னத்தாயைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், உள்ளே வரத் தயங்கிச் சுவரோரம் நின்றிருந்த சுபலட்சுமியையும் பார்த்துவிட்டார்.

"அஞ்சு" என்றார்.

சின்னத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"விட்டுப்போன நாலு, அன்னிக்குள்ளது ஒண்ணு" என்று அவரே விளக்கினார். கணக்குச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் தெம்புகூட வந்தது. "இதுல என்ன இருக்கு? மொறைத் தண்ணி நமக்கு ஒரு நா விட்டுப்போச்சுன்னா அடுத்த மொறையில சேத்து வாங்கிக்கிறதில்லையா? பயிரு குடிச்சுக்கிருது. அது மாதிரிதேன் இதுவும்."

"வயல்ல தண்ணி கூடிப்போனா என்ன செய்வீங்க?"

"மடையைத் தொறந்து விட்ருவேன்."

"உங்க உடம்புக்கு மடை எங்க இருக்குய்யா?"

நல்லகாமன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் சுருங்கியது.

"ஏம்ப்பா?" அசோக்குமாரின் குரல் உடைந்தது. "போடலைன்னா போடலைன்னு சொல்ல வேண்டியதுதான? மிச்ச மாத்திரையைக் குப்பையில வீசியிருந்தாலும்…"

"மருந்தைக் குப்பையில போடுவாகளாடா? அது பொய்யில்லையா?" கிழவர் மகனை அதட்டினார். "அந்தப் புள்ள வேகாத வெயில்ல வருது. எண்ணிக்கை குறைஞ்சா ஆபீஸ்ல வெளக்கம் கேக்குறாக ஐயான்னு ஒரு நா சொல்லுச்சு. என்னால அதுக்கு எதுக்குப் பேச்சு? நான் போட வேண்டிய மாத்திரை, நான் போட்டுத்தேன் கணக்கை நேர் பண்ணணும். நான் நேர்மையாத்தேன் செஞ்சேன்."

"அப்ப நான் அந்தம்மாவை நடுத்தெருவுல வச்சுக் கேட்டேனே, அதுவாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"முந்தாநாத்துதேன் உங்காத்தா சொன்னா. இப்பப் போயி அஞ்சு முழுங்குனேன்னு சொன்னா அதுக்கும் அந்தப் புள்ளையத்தான வைவீக. சரியாச் சொல்லிக்கொடுக்கலைன்னு."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் வைதிருப்பார்கள். பத்மாசினிக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

அசோக்குமார் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தான். கிழிக்கவில்லை. இன்னும் இரண்டு மடிப்பாக மடித்துப் பேண்ட் பையில் வைத்துக்கொண்டான். சுபலட்சுமி பக்கம் பார்க்காமல் சொன்னான்: "நான் எழுதிக் கொடுக்கலை. உங்க ஆபீஸுக்கும் இப்பவே போன் போட்டு நடந்ததைச் சொல்லிர்றேன்." தொண்டையைச் செருமினான். "தெருவுல பேசுனது… அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலைங்க."

"சாப்பிட்டீங்களான்னு கேளுங்க, போதும்" என்றான் வெள்ளைத்துரை. "உங்க ஆத்தா அப்படித்தேன் ஆரம்பிச்சாக."

சின்னத்தாய் தூக்குவாளியைத் திறந்தாள்.

சுபலட்சுமி சாப்பிடவில்லை. பத்மாசினி படியிறங்கிக் கீழே வந்தபோது அவள் ஆட்டோவுக்குள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழி நீங்கின முகமாகத் தெரியவில்லை.

"என்னம்மா, இன்னும் என்ன?"

"நட்சத்திரம் போட்டேன்க்கா." சுபலட்சுமி அந்தப் பக்கத்தைத் தொட்டாள். "எழுபத்தொண்ணுன்னு வந்தப்ப, பாருங்க ஐயா எவ்வளவு நல்லா இறங்கியிருக்குன்னு கை கொடுத்தேன். சிரிச்சாரு. அந்த நிமிசம் அவருக்குள்ள அஞ்சு மாத்திரை வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு. சாப்பிட்டுட்டுப் படுங்கன்னுகூடச் சொல்லாம அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

"உனக்குத் தெரியாதும்மா."

"கேட்டிருக்கலாம்ல? எத்தனை போட்டீங்கன்னு ஒரு நாளும் கேக்கலை. எத்தனை காலின்னுதான் பார்த்தேன்."

பத்மாசினி ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வேறொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. அதைக் கேட்க அவளுக்கே விருப்பமில்லை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் என்றுதான் உடம்பு கெஞ்சியது.

"சுபா, உன் வியாழக்கிழமை லிஸ்ட்ல மொத்தம் எத்தனை வீடு?"

"பதினாலுக்கா."

"அதுல எத்தனை வீட்டுல கணக்கு பிசகாம இருக்கு?"

சுபலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நோட்டை மூடினாள்.

"பதினாலும்" என்றாள்.

வெள்ளைத்துரை பின்னால் திரும்பினான். "இன்னிக்குப் புதன்கிழமை" என்று மட்டும் சொன்னான்.

சுபலட்சுமி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். முதல் வீடு, வாடிப்பட்டி போகிற வழியில் தனியாக இருக்கும் எண்பது வயதுக் கிழவி. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவள் மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, நான் நர்ஸு சுபலட்சுமி பேசுறேன். நாளைக்கு நான் மாத்திரையை எண்ண மாட்டேன். கேக்குதா? எண்ணவே மாட்டேன். விட்டது விட்டபடி இருக்கட்டும்."

"எண்ண மாட்டியா?" கிழவியின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாத்தா? நாளைக்கு நீ வாரேன்னு இப்பத்தேன் மூணையும் பிதுக்கிக் கையில வச்சிருக்கேன். தண்ணிதேன் இன்னும் மோக்கலை."

"கீழ வைங்கம்மா" என்றாள் சுபலட்சுமி. கன்னத்தில் வழிவதை அவள் துடைக்கவில்லை. "அப்படியே கீழ வைங்க. நான் வாரேன்."

வெள்ளைத்துரை ஆட்டோவைக் கிளப்பினான். பத்மாசினி நோட்டை அவள் மடியிலிருந்து எடுத்து, நல்லகாமன் பெயரையும் அந்தக் கிழவி பெயரையும் அடித்துவிட்டு, அடுத்த நம்பரைத் தன் போனில் அழுத்தினாள். இன்னும் பன்னிரண்டு வீடு இருந்தது.